நிலையாமை இயற்கை, நிலையின்மை செயற்கை

தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. மேலோட்டமாக நோக்குவார்க்கு அவை ஒன்றே போலத் தோன்றும். ஒன்று நிலையாமை, மற்றொன்று நிலையின்மை.

உடம்பும் இளமையும் செல்வமும் என்றும் நின்று நிலவா என்னும் உலகியல் உண்மையே நிலையாமை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்களும் அதனையே விரிக்கின்றன. நிலையின்மையோ அதுவன்று. நாளை அடுப்பு எரியுமா என்று ஒரு தாய் அறியாதிருத்தல். இத்திங்கள் பெற்ற கூலி அடுத்த திங்களும் கிடைக்குமா என்று ஒரு தொழிலாளி அறியாதிருத்தல். பெற்ற கடனைத் திருப்ப முடியுமா என்று ஒரு சிறு நாடு அறியாதிருத்தல் - இவையே நிலையின்மை. நிலையாமைக்கு ஆக்கியோன் எவனும் இல்லை. நிலையின்மைக்கு ஆக்கியோன் உண்டு, அவனுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, அவன் கையெழுத்திட்ட ஆணை உண்டு.

கொரோனாத் தீநுண்மி உலகைச் சூழ்ந்த நாளிலிருந்து ஆள்வோரும் பொருள்மிக்கோரும் செய்துவரும் பெரும்புரட்டு ஒன்று உளதெனில், அது இவ்விரண்டு சொற்களையும் ஒன்றாகக் குழப்பியதே ஆகும். "பெருந்தொற்று வந்தது, உலகம் தடுமாறிற்று, எவர் என்ன செய்ய முடியும்?" என்பது அவர்தம் பாட்டு. உலக நலவாழ்வு அமைப்பு 2020 சனவரி 30-இல் உலகளாவிய நலவாழ்வு நெருக்கடியை அறிவித்தது. 2023 மே 5-இல் அந்நெருக்கடி முடிந்ததென அறிவித்தது. நோயின் நெருக்கடி முடிந்தது. வேலையின் நெருக்கடி, விலையின் நெருக்கடி, கடனின் நெருக்கடி, கல்வியின் நெருக்கடி ஆகியவற்றுக்கு முடிவு அறிவித்தார் எவரேனும் உளரோ? இலர். ஏன் இலர்? அவை நோயால் வந்தவை அல்ல. நோயைச் சாக்காக வைத்து ஒரு சாரார் தோளிலிருந்து மற்றொரு சாரார் தோளுக்கு மாற்றப்பட்ட சுமைகள். சுமையை மாற்றியவன் அதனைத் தானாக இறக்கி வைத்ததாக உலக வரலாற்றில் எங்கும் இல்லை.

ஒரே வெள்ளம், இரு வேறு கணக்கு

நோய் கொண்டது எவ்வளவு என்பதை முதலில் காண்க. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் மட்டும், வழக்கமாக நிகழும் சாவுகளுக்கு மேலாக 1 கோடியே 49 இலக்கம் பேர் மாண்டிருக்கலாம் என உலக நலவாழ்வு அமைப்பு 2022 மே திங்களில் கணித்தது. அதில் இந்தியாவுக்கு அது வைத்த கணக்கு ஏறத்தாழ 47 இலக்கம். தில்லி அரசின் கணக்கோ அவ்வீராண்டுக்கும் சேர்த்து ஐந்து இலக்கத்தைக்கூட எட்டவில்லை. உலக அமைப்பின் கணக்கையும் அவ்வரசு மறுத்தது. செத்தாரை எண்ணுவதிலேயே இத்துணைச் சிக்கல் எனின், இருந்தும் இறந்தாராய் வாழ்வாரை எண்ணுவார் யார்?

எண்ணியவர் சிலர் உளர். 2020-இல் உலகெங்கும் இழக்கப்பட்ட வேலை நேரம் 25.5 கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடு எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கணித்தது. அவ்வோராண்டில் மட்டும் ஏறத்தாழ 7 கோடிப் பேர் கொடிய வறுமையில் புதிதாக வீழ்ந்தனர் என்றது உலக வங்கி. பள்ளிகள் அடைபட்ட உச்சக் காலத்தில் 160 கோடி மாணவர் வகுப்பறைக்கு வெளியே நின்றனர் என்றது யுனெசுகோ.

இனி மறுபக்கக் கணக்கைக் காண்க. அமெரிக்காவின் போர்ப்சு இதழ் ஆண்டுதோறும் உலகின் நூறுகோடித் தாலர்ச் செல்வர்களைப் பட்டியலிடுவது. 2020-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தோர் 2,095 பேர். அவர்தம் செல்வம் 8 இலக்கம் கோடித் தாலர். 2021-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தோர் 2,755 பேர். அவர்தம் செல்வம் 13.1 இலக்கம் கோடித் தாலர். மாந்த இனம் மூச்சுக்குத் திணறிய அதே பன்னிரு திங்களில் இது நடந்தது.

வெள்ளம் ஊர் முழுவதற்கும் பொதுவாக வந்திருப்பின், எல்லார் வீட்டிலும் நீர் புகுந்திருக்க வேண்டும். ஒருவன் குடிசை அடித்துச் செல்லப்பட, மற்றொருவன் குளம் மட்டும் நிரம்புகிறது எனின், அங்கே எவனோ மடையைத் திருப்பியிருக்கிறான் என்பதே பொருள். மழையைக் குறைசொல்வது மடமை. மடை திருப்பியவனைத் தேடுவதே அறிவுடைமை.

அறுநூற்றெழுபது ஆண்டுக்கு முன்பே எழுதிய ஆணை

இம்மடைத் திருப்பம் புதிதன்று. 1348-இல் கறுஞ்சாவு எனப்பெற்ற கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் புகுந்தது. ஐரோப்பிய மக்களில் மூவரில் ஒருவர், சில இடங்களில் இருவரில் ஒருவர், அந்நோய்க்கு இரையாயினர். ஏர் பிடிக்கக் கையின்றி வயல்கள் தரிசாயின. உழைப்பவர் குறைந்தமையால் உழைப்பின் விலை ஏறிற்று. எஞ்சிய உழவர்கள் வாழ்நாளில் முதன்முறையாகத் தலைநிமிர்ந்து கூலி கேட்டனர்.

உடனே ஆள்வோர் என்ன செய்தனர்? மருத்துவமனை கட்டினரா? களஞ்சியம் திறந்தனரா? இல்லை. 1349 சூன் திங்களில், பிணங்கள் புதைத்து முடியுமுன்னரே, மூன்றாம் எட்வர்டு மன்னன் பெயரால் ஆணை ஒன்று பிறந்தது. சொந்த நிலமோ பிழைக்க வேறு வழியோ இல்லாதார், அறுபது அகவைக்கு உட்பட்டவர் எவராயினும், அழைத்தவனிடம் வேலை செய்தே ஆகவேண்டும், நோய்க்கு முன் வழங்கிய கூலிக்கு மேல் ஒரு காசும் கேட்கலாகாது, மறுப்பவர்க்குச் சிறை. 1351-இல் அவ்வாணை நாடாளுமன்றச் சட்டமாக மேலும் இறுகிற்று. அதாவது, நோய் உழவனுக்குத் தற்செயலாகத் தந்த சிறு நன்மையையும் சட்டம் பறித்துக்கொண்டது.

அதனோடும் நிற்கவில்லை. போர்ச்செலவுக்கென 1377 முதல் தலைவரி தண்டினர். மூன்றாம் தலைவரி, ஆண்டானுக்கும் ஏழைக்கும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தலைக்கு ஒரு சில்லிங்கு என வந்தபோது மக்கள் பொறுக்கவில்லை. 1381 சூன் திங்களில் கெண்டு, எசெக்கசு மாவட்டத்து உழவர்கள் வாட்டு டைலர் என்பான் தலைமையில் இலண்டனுக்குள் புகுந்தனர். இளமன்னன் இரண்டாம் இரிச்சர்டு அவர்கள் கேட்டவற்றை யெல்லாம் தருவதாக வாக்களித்தான். டைலர் வெட்டி வீழ்த்தப்பட்ட பின்னர் அவ்வாக்கை விழுங்கினான். ஆயினும் காலம் உழவன் பக்கமே சாய்ந்தது. அடுத்த நூற்றாண்டிற்குள் கூலி உயர்ந்தது; இங்கிலாந்தில் பண்ணையடிமை முறை தேய்ந்து மறைந்தது. ஆணையால் அதனைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அதனைக் காண வேண்டிய தலைமுறைகளின் வாழ்வைப் பாழாக்க முடிந்தது.

இவ்வரலாறு கற்பிப்பது ஒன்று. கொள்ளைநோய்க்குப் பின் வரும் காலம் இரு பக்கமும் திறந்த காலம். உழைப்பவன் எழவும் கூடும், அமிழ்த்தப்படவும் கூடும். எது நிகழும் என்பதை நோய் முடிவு செய்வதில்லை. ஆணை எழுதும் கை முடிவு செய்கிறது. அக்கையைத் தடுக்கும் கை உண்டா இல்லையா என்பது முடிவு செய்கிறது.

நான்கு மணி நேரத்தில் ஒரு நாடு

1349-இன் அவ்வாணைக்கும் 2020-இன் இந்தியாவுக்கும் தொடர்பு என்ன என்பார்க்கு விடை எளிது. 2020 மார்ச்சு 24 இரவு எட்டு மணிக்குத் தலைமையமைச்சர் இந்தியில் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் அடைபடும் என்றார். நூற்று முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு அளித்த காலம் நான்கு மணி நேரம். வீடு உள்ளவன் கதவை அடைத்துக்கொண்டான். வேலையிடத்தையே வீடாகக் கொண்டவன் எந்தக் கதவை அடைப்பான்? நாட்கூலியால் நாட்பசி தீர்ப்பவன் இருபத்தொரு நாளுக்கு எதைச் சேர்த்து வைத்திருப்பான்? பேருந்தும் இல்லை; தொடர்வண்டியும் இல்லை. ஆகவே நடந்தனர்.

மே 8 விடியலில், மராட்டிய மாநிலத்துச் சால்னாவிலிருந்து நடந்துவந்த தொழிலாளர்கள், வண்டி ஓடாது என நம்பித் தண்டவாளத்திலேயே கண்ணயர்ந்தனர். சரக்கு வண்டி ஏறிப் பதினாறு பேர் மாண்டனர். இருப்புப் பாதையில் சிதறிக் கிடந்தவை வழிக்கெனக் கட்டிவந்த காய்ந்த சப்பாத்திகள். அப்பதினாறு பேரையும் கொரோனா கொன்றதா? தீநுண்மிக்குச் சரக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அவ்வாண்டு செப்தம்பரில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளர் ஊர் திரும்பினர் என அரசே ஒப்புக்கொண்டது. வழியில் மாண்டார் எத்துணைப் பேர் எனக் கேட்டபோது, அக்கணக்கு இல்லை என்றது; கணக்கு இல்லாமையால் இழப்பீடு என்னும் பேச்சுக்கே இடமில்லை என்றது. என்னே அரசறம்! எண்ணாதிருந்தால் ஈயவேண்டா என்பது புதுப்பொருளியல் போலும்!

நடந்தவன் ஊர் சேருமுன்னரே அவனுக்கான ஆணைகள் அணியமாயின. உத்தரப்பிரதேச அமைச்சரவை, தொழிலாளர் சட்டங்களில் பெரும்பாலானவற்றை மூன்றாண்டுக் காலம் முடக்கும் விரைவுச் சட்டத்துக்கு 2020 மே திங்களில் ஒப்புதல் தந்தது. குசராத்து அரசு ஏப்பிரல் 17-இலேயே ஆணையிட்டது: தொழிலகத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை, மிகைநேரத்துக்கு இருமடங்குக் கூலி இல்லை. அக்டோபர் 1-இல் உச்சநீதிமன்றம் அவ்வாணையை அடித்து வீழ்த்தியது. பெருந்தொற்று என்பது நாட்டின் காப்பைக் குலைக்கும் பொதுநெருக்கடி ஆகாது. அதைச் சாக்காகக் கொண்டு தொழிலகச் சட்டத்தின் காவலை நீக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. மூன்றாம் எட்வர்டின் ஆணையையும் குசராத்து ஆணையையும் அருகருகே வைத்துப் படிக்க. மொழி வேறு, நூற்றாண்டு வேறு, உள்ளம் ஒன்று.

நீதிமன்றம் ஓராணையைத்தான் வீழ்த்தியது, எண்ணத்தை வீழ்த்தவில்லை. அதே 2020 செப்தம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. 2019-இன் கூலித் தொகுப்போடு சேர்த்து நான்கும் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தன. முந்நூறு பேர் வரை வேலை செய்யும் தொழிலகத்தில் ஆட்குறைப்புக்கு அரசின் முன்னிசைவு வேண்டா என்பது அவற்றுள் ஒன்றன் உள்ளடக்கம். முன்பு அவ்வரம்பு நூறு. கொள்ளைநோய் ஓய்ந்துவிட்டது, கொள்ளைநோய்க் காலத்தில் எழுதிய சட்டம் ஓயவில்லை.

தமிழ்நாடு இதற்கு விலக்கு என்று எவரும் மார்தட்டிக்கொள்ள வேண்டா. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிலகச் சட்டத் திருத்தம் 2023 ஏப்பிரல் 21-இல் தமிழகச் சட்டமன்றத்திலேயே நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எழுந்தன; தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன; மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது; மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1923 மே 1-இல் சிங்காரவேலர் சென்னையில் இந்நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடிச் சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது. நூறாண்டு கழித்தும் அதே எட்டு மணி நேரத்துக்கு மீண்டும் குரலெழுப்ப வேண்டியிருந்தது என்பது நாணத்தக்கது. எழுப்பிய குரல் வென்றது என்பது நினைக்கத்தக்கது.

இறைச்செயலும் தில்லிச்செயலும்

உழைப்பவன் தோளில் சுமையேற்றியது போன்றே மாநிலங்கள் தோளிலும் தில்லி சுமையேற்றியது. சரக்கு, பணிகள் வரி வந்தபோது மாநிலங்கள் தம் வரியுரிமையை விட்டுக்கொடுத்தன. அதற்கு ஈடாக, ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சி என்னும் கணக்கில், ஐந்தாண்டுக்கு இழப்பீடு தருவதாக 2017-இல் சட்டம் செய்யப்பட்டது. 2020 ஆகத்து 27-இல், நோயால் வரி குறைந்தபோது, நடுவண் நிதியமைச்சர் அதனைக் கடவுளின் செயல் என்றார். மாநிலங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம் என வழி காட்டினார். மாநிலங்கள் எதிர்த்து நின்ற பின்னரே, அக்டோபரில், தில்லி தானே கடன் பெற்று மாநிலங்களுக்குக் கைமாற்ற இசைந்தது.

எழுதிக் கொடுத்த உறுதிமொழிக்குக் கடவுளைப் பிணையாளியாக நிறுத்தும் கடன்காரனை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஏற்காது. இங்கேதான் நிலையாமையையும் நிலையின்மையையும் குழப்பும் சூழ்ச்சி வெட்டவெளிச்சமாகிறது. நோய் வந்தது இயற்கையாகலாம். வாக்கை மீறுவது இயற்கையோ?

தடுப்பூசிக் கதையும் அதுவே. 2021 மே முதல் நாளிலிருந்து, பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு அகவை வரையுள்ளார்க்கான ஊசியை மாநிலங்களே விலைகொடுத்து வாங்கவேண்டும் என்றது தில்லி. ஒரே ஊசி, ஒரே தொழிலகம். தில்லிக்கு 150 உருபா. மாநிலங்களுக்கு முதலில் 400, பின்னர் 300. தனியார் மருத்துவமனைக்கு 600. இது கோவிசீல்டின் விலை. மாநிலங்கள் சந்தையில் ஒன்றோடொன்று முட்டிமோத விடப்பட்டன. உச்சநீதிமன்றம் அக்கொள்கையைக் கடிந்து வினாத் தொடுத்த பிறகு, சூன் 7-இல் தில்லி பின்வாங்கிற்று.

இவ்வளவும் நடக்கையில் செங்கல்பட்டில் நடுவணரசு நிறுவனம் ஒன்று பலநூறு கோடி உருபாச் செலவில் எழுப்பிய தடுப்பூசி வளாகம் ஊசி செய்யாமலே நின்றது. அதனைக் குத்தகைக்கேனும் தருக எனத் தமிழ்நாட்டரசு 2021 மே திங்களில் கேட்டது. நோய் பரவிய அந்நெருக்கடியில் அது கிடைக்கவில்லை. அதற்கும் முன்னர், 2008 சனவரியிலேயே, குன்னூர்ப் பாசுச்சர் நிலையம், கிண்டிப் பி.சி.சி. ஆய்வகம், கசௌலி நடுவண் ஆராய்ச்சி நிலையம் என்னும் மூன்று பொதுத்துறை நிலையங்களின் தடுப்பூசி ஆக்க உரிமம் நிறுத்தப்பட்டது. ஈராண்டு கழித்தே திரும்பிற்று. பொதுத்துறையின் கையை முறித்துவிட்டுப் பெருந்தொற்று வந்த நாளில் தனியார் வாயிலில் கையேந்தி நின்ற நிலை எந்தத் தீநுண்மியால் வந்தது?

ஊரக வேலையுறுதித் திட்டம் இன்னுமொரு சான்று. நகரத்திலிருந்து விரட்டப்பட்டவனுக்கு 2020-இல் சோறு போட்டது அதுவே. 2020-21-இல் அதற்கு ஏறத்தாழ 1.11 இலக்கம் கோடி உருபா செலவாயிற்று. தேவை தீர்ந்துவிட்டது போல 2023-24-இன் வரவுசெலவுத் திட்டத்தில் 60,000 கோடிதான் ஒதுக்கினர். 2025 திசம்பரில் அச்சட்டத்தையே நீக்கி வேறொரு சட்டம் கொண்டுவந்தனர். நாள்களை நூறிலிருந்து நூற்றிருபத்தைந்தாக ஏட்டில் கூட்டினர். செலவிலோ பெரும்பாலான மாநிலங்களின் தலையில் நூற்றுக்கு நாற்பது பங்கைக் கட்டினர். பெயர் உறுதி, உள்ளே இருப்பது உறுதியின்மை.

உலக அரங்கில் அதே நாடகம்

தில்லி மாநிலங்களுக்குச் செய்ததையே செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குச் செய்தன. இளம்பிள்ளை வாதத்துக்கு 1955-இல் ஊசி கண்ட சால்க்கு என்னும் அறிஞர் அதற்குக் காப்புரிமை கொள்ளவில்லை. 2020-இல் வந்த ஊசிகளுக்கு மக்கள் வரிப்பணம் பெரிதும் துணைநின்றது, உரிமையோ நிறுமங்களுடையதாயிற்று. 2020 அக்டோபர் 2-இல் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும், நோய் அடங்கும் வரையிலாவது அறிவுச்சொத்து உரிமையை நிறுத்திவைக்குமாறு உலக வணிக அமைப்பிடம் வேண்டின. தில்லியைக் குறைகூறும் வாய், அது செய்த நன்றினையும் சொல்லத்தான் வேண்டும். செல்வ நாடுகள் இழுத்தடித்தன. 2022 சூன் 17-இல் ஒரு முடிவு வந்தது. அதுவும் ஊசியளவில் குறுகிய, கைகால் வெட்டப்பட்ட முடிவு. இடையில் எத்துணை இலக்கம் பேர் மடிந்தனர்! 2021 முடியும்போதும் மிக ஏழை நாடுகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட முதல் ஊசி கிட்டவில்லை. பைசர் நிறுமத்தின் 2022-ஆம் ஆண்டு வருவாய் மட்டும் 10,000 கோடித் தாலரைத் தாண்டிற்று.

ஊசி இல்லாத நாட்டுக்குக் கடன் இருந்தது. சாம்பியா 2020 நவம்பரில் கடன் தவணை தவறியது. சுற்றுலாவும் அயல்நாட்டு வருவாயும் அற்றுப்போன இலங்கை, முன்பே செய்திருந்த ஆட்சிப் பிழைகளும் சேர, 2022 ஏப்பிரல் 12-இல் அயற்கடன் திருப்பலை நிறுத்துவதாக அறிவித்தது. எரிநெய்க்கும் எரிவளிக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்று சாய்ந்தனர். கடன் வாங்கியோர் அரண்மனையில் இருந்தோர்; வரிசையில் நின்றோர் வேறு.

இனியேனும் நெறிப்படுவர் என எண்ணி உலக நாடுகள் 2025 மே 20-இல் பெருந்தொற்று உடன்படிக்கை ஒன்றை ஏற்றன. ஆயினும் அதன் உயிர்நாடியாகிய பகுதி, அதாவது நோய்நுண்மியைப் பகிரும் ஏழை நாட்டுக்கு மருந்தில் என்ன பங்கு என்னும் பின்னிணைப்பு, அன்று முடிக்கப்படாமல் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அந்தப் பங்கு இல்லையேல் அவ்வுடன்படிக்கை வெறும் தாளே.

"பணம் எங்கே?" என்பார்க்கு

இத்துணையும் கேட்ட பின்னரும், "அரசு என்ன செய்யும்? பணத்துக்கு எங்கே போகும்?" என வினவுவார் உளர். அவ்வினா நேர்மையானதாயின் விடையும் உளது.

இங்கிலாந்து அரசு 2020 மார்ச்சு முதல் 2021 செப்தம்பர் வரை, வேலையில்லாது நிறுத்திவைக்கப்பட்ட தொழிலாளர்க்குக் கூலியில் எண்பது விழுக்காடு வரை தன் கருவூலத்திலிருந்து தந்தது. முதலாளியத்தின் தலைநகரமாகிய அமெரிக்காவைக் காண்க. 2021-இல் குழந்தையுள்ள குடும்பங்களுக்கு வரிச்சலுகையை விரிவாக்கித் திங்கள்தோறும் பணமாகவே கொடுத்தனர். அந்நாட்டு அரசின் துணைநிலைக் கணக்குப்படி, குழந்தை வறுமை 5.2 விழுக்காடாகத் தாழ்ந்தது. அக்கணக்கு தொடங்கிய பின் அத்துணைத் தாழ்வு அதுவே முதன்முறை. பிறகு, அவ்வுதவியை நிறுத்தினர். 2022-இல் குழந்தை வறுமை 12.4 விழுக்காடாகத் தாவிற்று. நோய் மிகுந்த ஆண்டில் வறுமை குறைந்தது. நோய் தணிந்த ஆண்டில் வறுமை மிகுந்தது! வறுமைக்குக் கரணியம் நோய் எனச் சொல்லும் வாயை அடைக்க இவ்வொரு சான்றே போதாதா? கொடுத்தபோது குறைந்தது, எடுத்தபோது மிகுந்தது. நிலையின்மை ஓர் ஆணையால் நீங்கிற்று. ஓர் ஆணையால் திரும்பிற்று.

தொலைவில் தேடவேண்டா. தமிழ்நாட்டில் 2021 மே, சூன் திங்கள்களில் அரிசி அட்டை உள்ள குடும்பங்களுக்கு ஈராயிரம் ஈராயிரமாக நாலாயிரம் உருபா சென்றது. எந்த வழியாகச் சென்றது? தெருமுனை நியாயவிலைக் கடை வழியாக. எல்லார்க்கும் பொதுவாக ஒரு பங்கீட்டு முறையைப் பல்லாண்டுக்கு முன்னரே கட்டிக் காத்திருந்தமையால், நெருக்கடி வந்த நாளில் அதன் வழியே சோறும் பணமும் ஓடின. குளம் வெட்டியவனுக்கே மழை பயன்படும்.

யாரை வெறுப்பது?

ஈண்டுத் தமிழுணர்வாளர் தமக்குள்ளேயே தெளிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கொள்ளைநோய்க்குப் பின், வேலையும் வருவாயும் உறுதியற்றுப்போன நிலையில், திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் வேலை செய்யும் வடபுலத்துக் கூலியாள் மீது சினம் திரும்புகிறது. அவன் வந்ததால்தான் கூலி குறைந்தது எனச் சிலர் மேடையேறி முழங்குகின்றனர். தமிழ்நாட்டில் பீகாரித் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று 2023 மார்ச்சில் பொய்ப்படங்கள் பரப்பப்பட்டதையும் நாடு கண்டது. இருபுறத்தும் பகை மூட்டுவார்க்கு இது நல்ல அறுவடை.

மொழியுரிமைக்கும் மண்ணுரிமைக்கும் போராடுவது கடமை. தமிழ்நாட்டு வேலையில் தமிழர்க்கு முதலிடம் கேட்பதும் முறையே. ஆனால் அவ்வழக்கை எதிர்கொள்ள வேண்டியவன் சட்டம் செய்பவனும், கூலி குறைப்பதற்கென்றே ஆளை ஊர்மாற்றி இறக்குபவனுமே அன்றித் தண்டவாளத்தில் தலைசாய்த்தவன் அல்லன். வடவர் ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு. வடபுலத்து ஏழையை வெறுப்பது வேறு. தமிழனும் உலகெங்கும் எவனுக்கோ புலம்பெயர் கூலியாகவே வாழ்கிறான் என்பதை மறக்கலாகாது. அதே 2020-இல் ஈரான் கடற்கரையில் தமிழ் மீனவர்கள் பல திங்கள் சிக்கித் தவித்தனர்; சூலை 1-இல்தான் கடற்படைக் கப்பல் ஒன்று அவர்களில் பலரைத் தூத்துக்குடியில் கொணர்ந்து இறக்கிற்று. அங்கே தமிழ் மீனவன் பட்ட பாடும், இங்கே பீகார்க் கூலியாள் பட்ட பாடும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள். ஒருவனுக்குக் குறைந்த கூலி கொடுக்க இடமிருக்கும் வரை மற்றவனுக்கும் உயர்ந்த கூலி கிடைக்காது. ஆகவே, தமிழ் மண்ணில் உழைக்கும் எவனுக்கும் சட்டப்படியான கூலி, பதிவு, மருத்துவம், எட்டு மணி நேரம் என்னும் நான்கினையும் உறுதிசெய்யக் கேட்பதே தமிழ்த் தொழிலாளியைக் காக்கும் வழி.

செய்யத்தக்கன

நோய்கள் இனியும் வரும். அது நிலையாமையின் பாற்பட்டது. வரும் நாளில் மக்கள் சிதறியோடாதிருக்கச் செய்யத்தக்கன இப்போதே செய்யத்தக்கன. செங்கல்பட்டு வளாகம் போன்றவை மாநிலத்தின் ஆளுகையில், மக்களின் உடைமையாக இயங்கவேண்டும். குன்னூரும் கிண்டியும் தில்லியின் இரக்கத்தில் மூச்சுவிடும் நிலை மாறவேண்டும். நெருக்கடி என்னும் பெயரால் தொழிலாளர் சட்டத்தை எந்த அரசும் முடக்கலாகாது என்பது சட்டமாகவே எழுதப்பட வேண்டும். புலம்பெயர்ந்தார் ஒவ்வொருவரும் எண்ணப்பட வேண்டும். எண்ணப்படாதார்க்கு எதுவும் இல்லை என்பதை 2020 காட்டிவிட்டது. வரி தண்டும் உரிமையும் செலவிடும் உரிமையும் மாநிலங்களுக்கு மீளவேண்டும். கடவுளைக் காட்டிக் கைவிரிக்கும் தில்லியை நம்பி ஏழுகோடிக்கு மேற்பட்ட மக்களின் அடுப்பு எரியலாகாது.

பசியும் பிணியும் பகையும் அண்டாது நடப்பதை நாட்டின் இலக்கணமாக வள்ளுவர் வைத்தார். அவ்வரிசையில் பசியை முதலில் வைத்தார். பிணியை அதன் பின் வைத்தார். பிணியை நீக்கிவிட்டேன் என்று பசியை விட்டுவைக்கும் நாடு அவர் கணக்கில் நாடாகாது. மருத்துவர் தம் பணியைச் செய்துவிட்டனர். செவிலியரும் துப்புரவுத் தொழிலாளரும் உயிரைப் பணயம் வைத்துத் தம் கடமையைச் செய்துவிட்டனர். எஞ்சியிருப்பது ஆள்வோரின் கடமை; அதனைச் செய்விப்பது மக்களின் கடமை. 2023-இல் மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறுத்த முடிந்தது. ஆணை எழுதும் கையைத் தடுக்கும் கை இன்னும் அற்றுப்போகவில்லை. அக்கை ஓங்குக!